ரூ.28,500 மதர்போர்டில் 3 கால் வளைந்தது! மல்லாங்கிணறு வாலிபர் தவிப்பு

மல்லாங்கிணறு:-

மதுரையில் இருந்து காரியாபட்டி வழியாக வரும் பஸ். கடைசி சீட்டில் ஒரு வாலிபர். மடியில் ஒரு அட்டைப் பெட்டி. அதை இரண்டு கையாலும் கட்டிப் பிடித்திருந்தார்.

பக்கத்தில் நின்ற பாட்டி, "என்னப்பா, மிட்டாய் பெட்டியா? யாருக்குக் கல்யாணம்?" என்று கேட்டார். வாலிபர் வாய் திறக்கவில்லை. கண்ணில் தண்ணீர் நின்றது.

பெட்டிக்குள் இருந்தது மிட்டாய் அல்ல. ரூ.28 ஆயிரத்து 500 விலையுள்ள மதர்போர்டு. வாங்கி 4 நாள்தான் ஆகிறது. பேச்சு மூச்சு இல்லாமல் கிடந்தது.

அந்த வாலிபர் என் சித்தி மகன். பக்கத்து சீட்டில் இருந்தவன் நான். இது நடந்தது 2025 மே மாதம். அதன் விவரம் வருமாறு:-

ஆடி 18 நெருக்கடி

தம்பிக்கு வயது 24. மல்லாங்கிணறில் வீட்டு முன் அறையில் உட்கார்ந்து கம்ப்யூட்டரில் வேலை. சிவகாசி அச்சகங்களுக்கு லேபிள், காலண்டர் டிசைன் போட்டுக் கொடுப்பான். முகூர்த்த மாதங்களில் கல்யாண வீடியோவும் வெட்டி ஒட்டுவான்.

சிவகாசி காலண்டர் தொழிலில் ஆடி 18 முக்கியமான நாள். மறு ஆண்டு காலண்டருக்கான மாதிரி ஆல்பத்தை அன்றுதான் வெளியிடுவது வழக்கம். அதற்குள் டிசைன் கைக்கு வரவில்லை என்றால் அச்சகக்காரர் அடுத்த ஆளைப் பார்க்கப் போய்விடுவார்.

தம்பியின் பழைய கம்ப்யூட்டரோ ஒரு பெரிய படத்தைத் திறப்பதற்குள் ஒரு டீ குடித்து வரலாம். ஒரு மணி நேர வீடியோவைக் கோர்த்து முடிக்க ஒரு ராத்திரி. நடுவில் நின்றுபோனால் மறுபடி முதலில் இருந்து.

சித்தி சீட்டு எடுத்தார். தம்பியின் சேமிப்பும் சேர்ந்து ரூ.2 லட்சம். "ஒரே தடவை, நல்லதா வாங்கிருவோம்ண்ணே" என்றான். என்னைத் துணைக்கு அழைத்தான்.

"எனக்கு என்னடா தெரியும்? நான் திருட்டு கேசும் சாக்கடை அடைப்பும் எழுதுறவன்" என்றேன்.

"அதுக்குத்தான்ண்ணே. நீங்க கேள்வி கேளுங்க. கடைக்காரர் பதில் சொல்லட்டும்" என்றான்.

கடையில் நடந்தது

கம்ப்யூட்டருக்குள் இருக்கும் பெரிய அட்டைதான் மதர்போர்டு. பிராசசர், ராம், கிராபிக்ஸ் கார்டு, டிஸ்க் எல்லாம் அதில்தான் செருகப்படுகின்றன. வேகம் காட்டுவது மற்றவை. இது இடம் கொடுக்கிறது, கரண்ட் கொடுக்கிறது, வழி கொடுக்கிறது. இதில் தப்பு செய்தால் மற்ற எதில் காசு கொட்டினாலும் வீண்.

தம்பி பிராசசரை முன்பே முடிவு செய்திருந்தான். ஏ.எம்.டி. கம்பெனியின் ரைசன் 9 வரிசையில் 16 கோர் உள்ள 9950 எக்ஸ். 2024 ஆகஸ்டில் வந்தது.

ஏன் இன்டெல் இல்லை என்று கேட்டேன். காரணம் சொன்னான். பிராசசர் உட்காரும் சாக்கெட்டை இன்டெல் அடிக்கடி மாற்றுகிறது. 2021 நவம்பரில் வந்த 1700 கால் சாக்கெட் மூன்று தலைமுறை ஓடியது. 2024 அக்டோபரில் 1851 கால் என்று மாற்றிவிட்டார்கள். பழைய போர்டில் புதிய பிராசசர் ஏறாது. ஏ.எம்.டி.யின் ஏ.எம். 5 சாக்கெட் 2022 செப்டம்பரில் வந்தது. 2027-ம் ஆண்டு வரையும் அதற்குப் பிறகும் இதே சாக்கெட் என்று அந்தக் கம்பெனி பகிரங்கமாக அறிவித்திருக்கிறது. 3 வருடம் கழித்து பிராசசரை மட்டும் மாற்றிக்கொள்ளலாம்.

சரியான கணக்குதான்.

ஆனால் கடையில் நுழைந்ததும் பயலுக்குப் புத்தி மாறியது. கண்ணாடி அலமாரியில் ஒரு போர்டு. கறுப்பு உடம்பு, வெள்ளிக் கவசம், உள்ளே வண்ண விளக்கு. விலை ரூ.54 ஆயிரம்! எக்ஸ் 870 ஈ வகை.

"இதான்ண்ணே" என்றான். விட்டால் அங்கேயே கற்பூரம் காட்டியிருப்பான்.

பெயர் புதுசு, சிப் பழசு

கடைக்காரர் நல்ல மனிதர். "அண்ணாச்சி, இதுக்கும் அந்த 28 ஆயிரத்து 500-க்கும் என்ன வித்தியாசம்? உண்மையைச் சொல்லுங்க" என்றேன். ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டார்.

அவர் சொன்னதையும், நான் பிறகு விசாரித்துத் தெரிந்துகொண்டதையும் சேர்த்துச் சொல்கிறேன்.

போர்டின் பெயரில் உள்ள எழுத்தும் எண்ணும் அதிலுள்ள துணைச் சிப்பைக் குறிக்கும். 2022-ல் பி 650, எக்ஸ் 670 வகைகள் வந்தன. 2024 செப்டம்பரில் எக்ஸ் 870, எக்ஸ் 870 ஈ என்று புதுப் பெயர்கள் வந்தன. புதுப் பெயர் என்றால் புதுச் சரக்கு என்றுதானே நினைப்போம்?

இல்லை! பி 650-ல் இருக்கும் அதே புரமன்டரி 21 சிப்தான் எக்ஸ் 870-லும் இருக்கிறது. எக்ஸ் 870 ஈ-ல் அதே சிப் இரண்டு. கூடுதலாக யு.எஸ்.பி. 4 என்ற வேகமான வாசல் கட்டாயம் இருக்க வேண்டும் என்று விதி வைத்தார்கள்.

கம்பெனி ஏமாற்றிவிட்டது என்று சொல்ல மாட்டேன். விவரத்தாளில் எல்லாம் எழுதியிருக்கிறது. படிப்பவர் யார்?

வெல்டிங் பட்டறை கரண்ட்

அடுத்து கரண்ட். எனக்கு மூச்சு முட்டியது இந்த இடத்தில்தான்.

பவர் சப்ளை பெட்டியில் இருந்து போர்டுக்கு வருவது 12 வோல்ட். பிராசசர் தின்பது ஒன்று, ஒன்றேகால் வோல்ட். இந்த சாக்கெட் வழியாக 230 வாட் வரை இழுக்கலாம் என்பது ஏ.எம்.டி. வைத்த உச்சம். 230-ஐ 1.2-ஆல் வகுத்துப் பாருங்கள். 190 ஆம்பியர் சொச்சம்!

கிரில் பட்டறையில் வெல்டிங் ராடு தீப்பொறி கக்குவது 100 முதல் 200 ஆம்பியரில். அந்த அளவு கரண்ட் ஒரு தீப்பெட்டி அகலத்துக்குள் ஓடுகிறது.

12 வோல்ட்டை இப்படி இறக்கிக் கொடுக்க சாக்கெட்டைச் சுற்றிச் சின்னச் சின்னச் சில்லுகள் வரிசையாக இருக்கும். பேஸ் என்று பெயர். பெட்டியில் 14, 16, 18 என்று போட்டிருப்பார்கள். விருதுநகர் மார்க்கெட்டில் மிளகாய் மூட்டையை ஒரே ஆள் தூக்கினால் இடுப்பு போய்விடும். 14 பேர் முறை வைத்துத் தூக்கினால் யாருக்கும் வேர்க்காது. அதுதான் இதன் சூட்சுமம்.

ஆள் எண்ணிக்கை மட்டும் போதாது, ஒவ்வொரு ஆளின் பலமும் தெரிய வேண்டும். 60 ஆம்பியரா, 80-ஆ, 110-ஆ? அதைப் பெட்டியில் பெரிதாகப் போட மாட்டார்கள். உள்ளே தேட வேண்டும்.

ரூ.28,500 போர்டில் 14 சில்லு, தலைக்கு 80 ஆம்பியர். மொத்தம் 1,120. வேண்டியது 190. ஏறக்குறைய 6 மடங்கு இருக்கிறது. ரூ.54 ஆயிரம் போர்டில் 18 சில்லு, தலைக்கு 110. மொத்தம் 1,980. பத்து மடங்கு!

"ஏன்டா, சுமக்கப் போறது ஒரு மூட்டை. அதுக்கு அறுபது பேர் போதாதாம், நூறு பேர் கூப்பிடுறியா?" என்றேன். தம்பி முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

எதிர்ப்பக்கமும் உண்டு. மிக மலிவான போர்டில் இந்தச் சில்லுகளுக்கு மேல் அலுமினியக் கவசமே இருக்காது. 16 கோர் பிராசசரை அதில் போட்டு, சித்திரை வெயிலில், ஆஸ்பெஸ்டாஸ் கூரையின் கீழ் விடிய விடிய ஓட்டினால் சூடு தாங்காமல் பிராசசர் தானாக வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். கரிசல் மண் தூசி படிந்தால் இன்னும் மோசம்.

திருட்டு பார்முலா

போர்டு செத்த கதைகளில் ஒன்று எங்கள் துறைக்கே சொந்தமானது. கடைக்காரர் அதை லேசாகத்தான் தொட்டார். நான் விடவில்லை.

மின்விசிறியில் கண்டன்சர் போய்விட்டது என்போமே, அதே கண்டன்சர்கள் மதர்போர்டிலும் டஜன் கணக்கில் உண்டு. 2000-ம் ஆண்டை ஒட்டிய வருடங்களில் உலகம் முழுவதும் போர்டுகள் திடீர் திடீரென்று சாகத் தொடங்கின. திறந்து பார்த்தால் கண்டன்சரின் தலை புடைத்து, பழுப்பு நிறத்தில் ஏதோ வழிந்திருக்கும்.

என்ன காரணம்? 2002, 2003-ல் தொழில் பத்திரிகைகளில் வந்த செய்தி இது: ஜப்பான் கம்பெனி ஒன்றில் வேலை பார்த்த விஞ்ஞானி சீனாவில் வேறு கம்பெனிக்குப் போனார். கண்டன்சருக்குள் ஊற்றும் திரவத்தின் பார்முலாவை அங்கே மறுபடி செய்தார். அவரிடம் வேலை பார்த்தவர்கள் அந்த பார்முலாவைத் தூக்கிக்கொண்டு தைவானுக்குப் போனார்கள். ஆனால் திருடியது அரைகுறை. திரவத்தைக் கட்டுக்குள் வைக்கும் சேர்மானம் அதில் விட்டுப்போயிற்று. விளைவு, உள்ளே வாயு உண்டாகி டப்பா புடைத்தது.

இது பத்திரிகைச் செய்திதான், கோர்ட்டுத் தீர்ப்பு அல்ல. ஆனாலும் திருட்டுச் சரக்கு திருடனையே காட்டிக்கொடுத்த கதை மாதிரி இருக்கிறதா இல்லையா?

இதே சமயத்தில் டெல் கம்பெனியும் மாட்டியது. அவர்கள் போர்டுகளில் இருந்தது வேறொரு கம்பெனியின் பழுதுள்ள கண்டன்சர். 2003 மே முதல் 2005 ஜூலை வரை விற்ற ஆப்டிபிளெக்ஸ் கம்ப்யூட்டர்களில் 1 கோடியே 18 லட்சம் ஆபத்தில் இருந்ததாக, பின்னால் வெளியான கோர்ட்டு ஆவணங்கள் சொல்லின. பழுது பார்க்கவும் மாற்றிக் கொடுக்கவும் டெல் ஒதுக்கிய பணம் 30 கோடி டாலர்.

இப்போது நல்ல போர்டுகளில் திரவம் இல்லாத திட வகை கண்டன்சர்தான் வருகிறது. பழைய போர்டு வாங்குகிறவர்கள் மட்டும் டார்ச் அடித்து டப்பா தலைகளைப் பார்த்துக்கொள்ளட்டும்.

சமீபத்திலும் இரண்டு கேஸ். 2023 ஏப்ரலில் ரைசன் 7000 வரிசையில் சில பிராசசர்கள் சாக்கெட்டோடு கருகின. போர்டு அளவுக்கு மேல் வோல்ட் கொடுத்தது காரணம். 1.3 வோல்ட்டுக்கு மேல் போகக் கூடாது என்று ஏ.எம்.டி. கடிவாளம் போட்டது. 2024-ல் இன்டெல்லின் 13, 14-ம் தலைமுறை பிராசசர்கள் தடுமாறின. அதிலும் அதிக வோல்ட்தான். இன்டெல் வாரண்டியை 2 ஆண்டு நீட்டியது. இரண்டுக்கும் மருந்து பயாஸ் என்ற உள் புரோகிராமைப் புதுப்பிப்பது.

அதனால் பின்பக்கம் பயாஸ் பிளாஷ்பேக் என்ற சின்ன பட்டன் உள்ள போர்டாகப் பார்க்க வேண்டும். பிராசசரே இல்லாமல், பென் டிரைவை மட்டும் செருகி அமுக்கினால் புதுப்பித்துக்கொள்ளும். கடையில் பழைய ஸ்டாக் போர்டு கிடந்து, பிராசசர் புதிதாக இருந்தால் இந்த பட்டன் இல்லாமல் திண்டாட்டம்தான்.

தெரு எத்தனை அகலம்?

நம் பிராசசரில் இருந்து வெளியே வரும் தடங்கள் 28. அதில் 4 துணைச் சிப்புக்குப் போய்விடும். மீதி 24. கிராபிக்ஸ் கார்டுக்கு 16, இரண்டு டிஸ்க்குக்கு நான்கு நான்கு. தீர்ந்தது.

ஆனால் போர்டில் டிஸ்க் செருக 4, 5 இடம் காட்டுவார்கள். எங்கிருந்து வழி வரும்? சில போர்டுகளில் இரண்டாவது இடத்தில் டிஸ்க் போட்டால் கிராபிக்ஸ் கார்டின் 16 தடம் 8 ஆகிவிடும். சிலவற்றில் யு.எஸ்.பி. 4 வாசலும் டிஸ்க்கும் ஒரே வழியைப் பங்கு போட்டுக்கொள்ளும். மற்ற எல்லாம் துணைச் சிப்பின் அந்த 4 தடத்தில் முண்டியடிக்க வேண்டும். ஊருக்குள் ஐந்து தெரு இருந்தாலும் மெயின் ரோட்டுக்கு ஒரே சந்து என்றால் எப்படி? அப்படித்தான்.

தம்பிக்கு வேண்டியது இரண்டு வேக டிஸ்க். எந்த இரண்டு இடத்தில் போட்டால் யாருக்கும் பங்கம் இல்லை என்று விவரத்தாளைப் பார்த்துப் பேனாவால் குறித்துக் கொடுத்தார் கடைக்காரர்.

ராம் விஷயத்திலும் ஒரு பள்ளம் இருந்தது. இடம் நான்கு இருக்கிறதே என்று நான்கு 16 ஜி.பி. கேட்டான் தம்பி. கடைக்காரர் தலையாட்டினார். இந்த பிராசசருக்கு 2 ராம் போட்டால் 5600 வேகம் வரை ஏ.எம்.டி. பொறுப்பு. 4 போட்டால் 3600-தான். ஆகவே 32 ஜி.பி. இரண்டு. 2025 கடைசியில் ராம் விலை தாறுமாறாக ஏறியதைப் பார்க்கும்போது, அன்றைக்கே வாங்கியது சித்தி செய்த புண்ணியம்.

கடைசியில் ரூ.28,500 போர்டுதான் முடிவானது. மிச்சம் ரூ.25,500. அதில் ஒரு நல்ல யு.பி.எஸ். வாங்கினோம். வீட்டுக்கு உப்பும் கரியும் போட்டுப் புது எர்த் குழி தோண்ட எலெக்ட்ரீசியனுக்கும் கொடுத்தோம். சித்தி வீட்டில் மூன்றாவது துளை பல வருடமாகப் பேருக்குத்தான் இருந்தது.

ராத்திரி 9 மணி

வீட்டில் தம்பியே பூட்டினான். பட்டாசு ஆலையில் மருந்து அறைக்குள் போகிறவர்கள் தாமிரத் தகட்டைத் தொட்டு உடம்பில் உள்ள நிலை மின்சாரத்தை இறக்கிவிட்டுப் போவார்கள். நைலான் துணிக்கு அனுமதி இல்லை, பருத்திதான். எங்கள் பகுதியில் சின்னப் பிள்ளைக்கும் தெரிந்த சங்கதி. அந்தப் பொறி மருந்தைக் கொளுத்தும் என்றால், போர்டில் உள்ள மெல்லிய சில்லைச் சுடாதா? தம்பியும் பருத்திச் சட்டை போட்டு, எர்த்தைத் தொட்டுவிட்டுத்தான் உட்கார்ந்தான்.

முந்தைய தலைமுறை ஏ.எம்.டி. பிராசசரில் கால்கள் பிராசசரிலேயே இருக்கும். ஏ.எம். 5-ல் கால்கள் போர்டுக்கு வந்துவிட்டன. மொத்தம் 1,718. தலைமுடி மாதிரி மெல்லிசு. பாதுகாப்புக்கு மேலே ஒரு பிளாஸ்டிக் மூடி. அதைக் கையால் கழற்றக் கூடாது. பிராசசரை வைத்து இரும்புக் கொக்கியை மூடும்போது மூடி தானாகத் துள்ளி வெளியே வரும்.

இவன் முதலிலேயே கழற்றிவிட்டான். பிராசசரைக் கையில் எடுத்த நேரம் அச்சகத்தில் இருந்து போன். திரும்பிப் பார்த்தான். பிராசசர் நழுவி ஒரு மூலை சாக்கெட்டுக்குள் சாய்ந்து விழுந்தது.

ஒன்றும் ஆகவில்லை என்று நினைத்து எடுத்து நேராக வைத்துப் பூட்டினான். கரண்ட் போட்டான். விசிறி சுற்றியது. திரை கறுப்பு. போர்டில் ராம் கோளாறைக் காட்டும் விளக்கு மட்டும் எரிந்தது.

இந்த வகை போர்டுகள் முதல் தடவை ராமைப் பழக்கிக்கொள்ளச் சில நிமிடம் எடுக்கும் என்று கடைக்காரர் சொல்லியிருந்தார். காத்திருந்தான். 10 நிமிடம், அரை மணி, ஒரு மணி. சித்தி சாப்பிடக் கூப்பிட்டுக் கூப்பிட்டு அலுத்துப் போனார்.

"மூடி எங்கே?"

4-வது நாள் கடைக்குப் போனோம். கடைக்காரர் பிராசசரைக் கழற்றி, செல்போன் டார்ச்சைச் சாய்த்துப் பிடித்தார். வரிசையாகப் பளபளத்த கால்களில் ஓரிடத்தில் மட்டும் மினுக்கம் மாறியது. 3 கால் வளைந்திருந்தது.

"தம்பி, மூடி எங்கே?"

மூடியைச் சித்தி குப்பையோடு பெருக்கிவிட்டார்.

"தயாரிப்புக் குறைன்னா 3 வருஷ வாரண்டி இருக்கு. கால் வளைஞ்சா கம்பெனி எடுக்க மாட்டான். நான் அனுப்பினாலும் திரும்பி வரும்" என்றார். குரலில் கோபம் இல்லை, வருத்தம்தான்.

கடைக்காரர் மேல் பிசகு என்றால் 1915-க்கு போன் போட்டிருப்பேன். ஸ்ரீவில்லிபுத்தூர் நுகர்வோர் ஆணையத்துக்கு மனு எழுதவும் எனக்குத் தெரியும். ரூ.5 லட்சம் வரை கட்டணமும் கிடையாது. ஆனால் குற்றவாளி என் பக்கத்திலேயே தலை குனிந்து நின்றான். யார் மேல் மனு போடுவது?

அப்படித்தான் அந்த பஸ் பயணம்.

செல்போன் கடையில்

விருதுநகரில் செல்போன் ரிப்பேர் பார்க்கும் ஒரு அண்ணாச்சி எனக்குப் பழக்கம். திருட்டு செல்போன் கேசில் ஒரு தடவை பேட்டி எடுத்திருக்கிறேன். மறுநாள் காலை அங்கே போனோம். அவர் கம்ப்யூட்டர் போர்டைத் தொட்டதே இல்லையாம். "ஆனா இதைவிடச் சின்னதைத் தினம் ஒட்டுறேன். கெட்டதைக் கெடுக்க என்ன இருக்கு?" என்றார்.

மைக்ராஸ்கோப்பின் கீழ் வைத்தார். கையில் ஊசி முனை இடுக்கி. ஒரு காலை நிமிர்த்த 10 நிமிடம். மூச்சைப் பிடித்துக்கொண்டு தொட்டார், விட்டார். தம்பி வெளியே போய் ரோட்டைப் பார்த்துக்கொண்டு நின்றான். இரண்டாவது கால் சீக்கிரம் நிமிர்ந்தது. மூன்றாவது அடியோடு மடங்கியிருந்தது. "இது ஒடிஞ்சாலும் ஒடியும், சம்மதமா?" என்று கேட்டார். நான்தான் சம்மதம் சொன்னேன்.

ஒடியவில்லை.

கூலி ரூ.400 வாங்கினார். பழைய போன் பெட்டியை வெட்டி சாக்கெட்டுக்கு ஒரு மூடியும் செய்து கொடுத்தார்.

அன்று மாலை மல்லாங்கிணறு வீட்டில் மறுபடி பூட்டினான். இந்தத் தடவை போன் சித்தியின் முந்தானையில் இருந்தது. கரண்ட் போட்டோம். விசிறி சுற்றியது. கறுப்புத் திரை. ராம் விளக்கு எரிந்தது. ஒரு நிமிடம், இரண்டு நிமிடம். சித்தி சாமி படத்தைப் பார்த்தார். மூன்றாவது நிமிடம் கம்ப்யூட்டர் தானாக ஒரு முறை அணைந்து மறுபடி எழுந்தது. திரையில் எழுத்து ஓடியது.

தம்பி எண்ணைத்தான் முதலில் தேடினான். 32-ஆ, 64-ஆ?

"64 ஜி.பி.ண்ணே!"

ஆடி 18-க்கு இரண்டு வாரம் முன்பே டிசைன் 12-ம் சிவகாசிக்குப் போய்விட்டது. அச்சகக்காரர் அதில் 9-ஐ எடுத்துக்கொண்டார். மீதி 3-ல் மயில் கழுத்து நிறம் சரியில்லையாம்.